மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி: மூன்றாவது குண்டிலிருந்து குறி ஏன் சிதறுகிறது?

சிப்புட்_தம்பி

வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே என்னிடம் துப்பாக்கி எதுவும் கிடையாது. கேள்வி அமெரிக்காவில் இருக்கும் என் அத்தானின் துப்பாக்கியைப் பற்றியது.

அக்காவும் அத்தானும் ஓஹாயோவில், சின்சினாட்டி பக்கம் இருக்கிறார்கள். போன வருஷம் செப்டம்பரில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்து இண்டியானா மாநிலத்தில் பிரெண்ட்ஷிப் என்ற சின்ன ஊருக்கு அத்தான் கூட்டிப் போனார். குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களுக்கு அங்கே 1933-லிருந்து ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது, அவர்களுடைய மைதானம் அந்த ஊரில்தான். வருஷத்துக்கு இரண்டு முறை போட்டி நடக்கிறது. தாடி வைத்த தாத்தாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அம்மாமார்கள் எல்லாரும் வரிசையாக நின்று மருந்தை அளந்து ஊற்றி, துணி வைத்துக் குண்டை இறக்கி, கோலால் கெட்டித்துச் சுடுகிறார்கள். ஒரு குண்டுக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஆகிறது. அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அத்தானிடம் இருப்பது ஹாக்கன் என்ற பழைய அமெரிக்கப் பாணி, 50 காலிபர் (குழலின் உள்வாய் அரை அங்குலம்), கேப் என்ற சின்ன வெடிமூடி வைத்து வெடிக்கிறது. குழலுக்குள் இருக்கும் புரி, அதாவது குண்டைச் சுழல வைக்கும் திருகுப் பள்ளம், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு 0.490 அங்குல ஈயக் குண்டு, துணி கடையில் எண்ணெய் போட்டே விற்கும் 0.015 அங்குலக் கனமுள்ள பாக்கெட் துணி, மருந்து இரண்டு எஃப் (மணியின் பருமனைக் குறிப்பது) கருமருந்து 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்).

இப்போது பிரச்சினை. 50 கஜத்தில் மேசையில் முட்டுக்கொடுத்துச் சுட்டால் முதல் இரண்டு குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுகின்றன. மூன்றாவது 2 அங்குலம் மேலே. நான்காவது எங்காவது இடது பக்கம். ஐந்தாவதுக்குக் கோல் இறங்கவே மாட்டேன் என்கிறது, அத்தான் உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்குகிறார், அது காகிதத்தின் ஓரத்தில் போய் விழுகிறது. ஐந்தையும் சேர்த்து அளந்தால் 7 அங்குல அகலம். ஐந்து சுட்டபிறகுதான் குழலைத் துடைக்கிறார். துடைத்ததும் மறுபடி இரண்டு நன்றாக விழுகின்றன, அப்புறம் அதே கதை. எல்லாவற்றையும் என் 555 நோட்டில் (சட்டைப்பையில் வைக்கும் சின்ன நோட்டு) எழுதி வைத்திருக்கிறேன்.

வரும் செப்டம்பரில் மறுபடி போகிறேன். அதுவரை வார இறுதியில் அத்தான் அங்கே சுட்டுப் பார்த்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். எங்கே தப்பு? மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா? குண்டை மாற்றுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயக்குண்டு

தம்பி, நான் லிந்தாங். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். கென்டகியில் 14 வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே செட்டில் ஆனவன். அங்கே இருந்தவரை இதே துப்பாக்கிதான் என் ஞாயிற்றுக்கிழமை. பிரெண்ட்ஷிப் மைதானத்துக்கும் போயிருக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, "துடைத்ததும் மறுபடி இரண்டு நன்றாக விழுகின்றன" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. இது எரிந்தபின் பாதிக்குமேல் வாயுவாக மாறுவதில்லை, திடப்பொருளாகவே மிஞ்சுகிறது, அதில் ஒரு பகுதி குழல் சுவரில் அடையாக ஒட்டிக்கொள்கிறது. இந்த அடை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வறண்ட நாளில் ஓடு மாதிரி இறுகும், ஈரமான நாளில் கூழாகும். ஆகவே ஒவ்வொரு குண்டுக்கும் குழல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிக்கொண்டே வருகிறது. நான்காவது குண்டைச் சுடும்போது அத்தான் கையில் இருப்பது முதல் குண்டைச் சுட்ட அதே குழல் இல்லை. கோல் இறங்க மறுப்பதால் ஒரு தடவை மெதுவாக அழுத்துகிறார், ஒரு தடவை தட்டுகிறார், அதனால் மருந்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இறுக்கத்தில் உட்காருகிறது, குண்டின் தலையும் நசுங்குகிறது. ஈயம் மெத்தென்று இருக்கும் உலோகம், நகத்தால் கீறினாலே கோடு விழும்.

மருந்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துடைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும், ஒன்றுகூட விடாமல். துடைக்கும் துணியில் எவ்வளவு ஈரம் என்பதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். விபூதி குழைக்க விரல் நுனியை நனைப்போம் பாருங்கள், அவ்வளவு போதும். பிழிந்தால் சொட்டுகிற துணியை விட்டால் அந்தக் கரிக்கூழ் அடியில் இறங்கி, கேப்பின் நெருப்பு போகும் சின்னத் துவாரத்தை அடைத்துவிடும், அடுத்த குண்டு வெடிக்காமல் நிற்கும் அல்லது தாமதமாக வெடிக்கும். ஈரத் துணியை ஒரே மூச்சில் அடிவரை இறக்கி, ஒரு நொடி நிறுத்தி, ஒரே மூச்சில் இழுக்கணும். மேலும் கீழும் பம்ப் அடிக்கக் கூடாது. துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. பிறகு காய்ந்த துணி ஒன்று. கோல் நுனியில் துணியைப் பிடிக்கும் பித்தளைத் தலை குழலுக்கு ரொம்ப இறுக்கமாக இருந்தால் கரியை வெளியே கொண்டுவராமல் உள்ளேயே தள்ளும், அதனால் ஒரு நூல் சின்னதாக இருக்கும் தலையை வாங்கச் சொல்லுங்கள், இறங்கும்போது கரியைத் தாண்டிப் போகும், ஏறும்போது துணி சுருண்டு வாரிக்கொண்டு வரும்.

அடுத்தது மருந்து அளவு. இதை நிறையால் அல்ல, கொள்ளளவால் அளப்பதுதான் வழக்கம். பித்தளைக் குவளையில் ஊற்றும்போது ஒரு நாள் தட்டி, ஒரு நாள் தட்டாமல் ஊற்றினால் 70 என்ற கோட்டில் நின்றாலும் உள்ளே இருப்பது 70 இல்லை. கொஞ்சம் மிஞ்சவே ஊற்றி, பக்கவாட்டில் விரலால் ஐந்து தட்டு, அப்புறம் மேலே வழித்துவிட வேண்டும். ஐந்து என்றால் எப்போதும் ஐந்து. நான் வீட்டிலேயே அளந்து மூடி போட்ட சின்னச் சின்னக் குழாய்களில் போட்டு எடுத்துப் போய்விடுவேன். மைதானத்தில் பக்கத்தில் ஆள் பேச்சுக் கொடுக்கும்போது கணக்குத் தப்புவது இல்லாமல் போகும். மருந்துக் கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேராகக் குழலுக்குள் ஊற்றவே கூடாது, உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால் கையிலிருக்கும் முழு டப்பாவும் வெடிக்கும். இப்போதைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட இந்தத் துப்பாக்கிக்குள் போகக் கூடாது, குழல் கிழிந்துவிடும். அத்தானுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதிவைக்கிறேன், வேறு யாராவது படிக்கலாம்.

மருந்தை ஊற்றியபின் குழலின் பக்கத்தில் உள்ளங்கையால் மூன்று தட்டு. மருந்து படிந்து சமமாகும்.

இப்போது கோல். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். குழல் காலியாக இருக்கும்போது கோலை அடிவரை இறக்கி, வாயின் விளிம்பில் கோலின் மேல் ஒரு கோடு போடுங்கள். பிறகு வழக்கமான மருந்தும் துணியும் குண்டும் போட்டுச் சரியாக உட்கார்ந்த நிலையில் இன்னொரு கோடு. ஒவ்வொரு தடவையும் இரண்டாவது கோடு வாயோடு வந்து நிற்க வேண்டும். கோடு வெளியே தெரிந்தால் குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை, நடுவில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். அப்படியே சுட்டால் குழல் அந்த இடத்தில் வளையமாக வீங்கும், வெடிக்கவும் செய்யலாம். கோட்டுக்கு வரும்வரை அழுத்த வேண்டும், ஓங்கிக் குத்தக் கூடாது. சிலர் கோலைத் தூக்கிப் போட்டு அது துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள், அந்தப் பழக்கம் குண்டைத்தான் நசுக்கும்.

அழுத்தம் ஒரே மாதிரி வருவதற்கு ஒரு பயிற்சி. வீட்டில், மருந்தே இல்லாத காலித் துப்பாக்கியை, எடை பார்க்கும் தராசுமேல் அடிக்கட்டையை வைத்து நிறுத்தி, கோலை அழுத்திப் பாருங்கள். 18 கிலோ, அவர்கள் கணக்கில் 40 பவுண்டு, காட்டும்வரை. கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை. துப்பாக்கியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கைக்கு அது பழகிவிடும். உங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியிருந்தால் கேட்டுப் பாருங்கள். உளி எவ்வளவு ஆழம் போகிறது என்று அவர் அளந்தா வெட்டினார்? கொஞ்சம் மேலே போனால் பால் வராது, கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரத்திலும் ஒரே கனத்துக்குப் பட்டை சீவினார்கள் இல்லையா. அந்தக் கைதான் வேண்டும்.

ஒரு சந்தேகம். முதல் குண்டுக்கு முன்னால் குழலிலிருக்கும் பாதுகாப்பு எண்ணெயை அத்தான் துடைக்கிறாரா? துடைத்தபின் வெறும் கேப் இரண்டு வெடித்துப் பார்க்கணும், குழல் வாயைப் புல்லுக்குப் பக்கத்தில் பிடித்து வெடித்தால் புல் அசைய வேண்டும், அசைந்தால் துவாரம் திறந்திருக்கிறது. சுத்தமான குழலில் போகும் முதல் குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, சுட்டபின் துப்பாக்கிக்கு முன்னால் பத்துப் பதினைந்து கஜத்துக்குள் குண்டைச் சுற்றியிருந்த துணி விழுந்துகிடக்கும். மைதானத்தில் எல்லாரும் சுடுவதை நிறுத்தியபின் போய்ப் பொறுக்கி, மேசையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் துணி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

சிப்புட்_தம்பி

அண்ணே, ரொம்ப நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பட்டை ஒரே கனமா வரலேன்னா மண்டோர் அங்கேயே நிறுத்திக் கேப்பார்" என்றார், தோட்டத்துக் கங்காணியைச் சொல்கிறார்.

அத்தான் நேற்று ஐந்து துணி பொறுக்கி அனுப்பினார். நான்கில் நடுவில் கருகிய ஓட்டை, ஐந்து காசு உள்ளே போகும் அளவுக்கு, ஓட்டையின் விளிம்பு பழுப்பாகப் பொடிகிறதாம். ஐந்தாவதில் ஓட்டை இல்லை, ஆனால் வட்டமாக மூன்று இடத்தில் கத்தியால் கீறினமாதிரிக் கிழிசல். அந்தப் பாக்கெட் வாங்கிப் பல வருஷம் ஆகிறது என்கிறார். எண்ணெய் துடைப்பது, கேப் வெடிப்பது இரண்டும் செய்கிறாராம்.

ஈயக்குண்டு

நான் நினைத்ததுதான். நல்ல துணி எப்படித் திரும்பி வரும் தெரியுமா? நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் சாம்பல் நிறத்தில் வட்டமாக, அதைச் சுற்றிப் புரியின் மேடும் பள்ளமும் பட்ட கோடுகள் சூரியக்கதிர் மாதிரி ஒழுங்காக, ஓரம் மட்டும் கொஞ்சம் பிசிறு விட்டிருக்கும். சில துணியை இன்னொரு தடவைகூடப் போடலாம்போல இருக்கும்.

நடுவில் கருகிய ஓட்டை என்றால் நெருப்பு துணியைத் தாண்டிவிட்டது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே அடைப்பாக நிற்க வேண்டிய துணி பாதி வழியிலேயே போய்விட்டது, வாயு ஒரு பக்கமாக ஒழுகுகிறது, அது எந்தப் பக்கம் ஒழுகுகிறதோ குண்டு அதற்கேற்பத் திரும்பும். எண்ணெய் போட்டு வைத்த துணி வருஷக்கணக்கில் பாக்கெட்டில் கிடந்தால் நூலே மக்கிப்போகும். இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், டிஷ்யூ மாதிரிக் கிழிந்தால் அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போடலாம்.

துணியை அவரே வெட்டிக்கொள்வதுதான் நல்லது. அங்கே தலையணைக்கும் மெத்தைக்கும் போடுகிற, கோடு போட்ட, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி எல்லாத் துணிக்கடையிலும் கிடைக்கும். முழுப் பருத்தியாக இருக்கணும். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகச் சுருளும். பாலியஸ்டர் கலந்த துணி குழலுக்குள் உருகி ஒட்டும். வாங்கியதும் சுடுதண்ணீரில் துவைத்து அதிலிருக்கும் கஞ்சியை எடுத்துவிட்டுக் காயவைக்க வேண்டும். பிறகு காலிப்பர் என்ற கனம் அளக்கும் கருவியில் இறுக்கிப் பிடித்து அளந்து 0.015-லிருந்து 0.018-க்குள் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். குண்டு 0.490. இரண்டு பக்கமும் 0.015 துணி வைத்தால் 0.520. குழலின் உள்வாய் 0.500. ஆக, துணி நசுங்கிப் புரியின் பள்ளத்துக்குள் இறங்கிப் பிடிக்கிறது, குழலுக்குள் குண்டைச் சுழல வைப்பது அந்தப் பிடிதான். ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை. 0.018 போட்டால் பிடி இன்னும் இறுகும், ஆனால் ஒவ்வொரு தடவையும் துடைக்காவிட்டால் இறங்காது.

மேலே தடவ ஆலிவ் எண்ணெயில் தேன்மெழுகு உருக்கிக் கலந்தால் போதும். எஞ்சின் எண்ணெய் மாதிரி சாமான்கள் வேண்டாம், கரியோடு சேர்ந்து தார் மாதிரி கட்டும். எண்ணெய் எல்லாத் துணியிலும் ஒரே அளவில் இருக்கணும், ஒன்று சொதசொதவென்று, ஒன்று காய்ந்து என்று இருந்தால் மருந்தை அளந்ததெல்லாம் வீண்.

வட்டமாகக் கீறின துணிக்கு வேறு காரணம். குழல் வாயின் விளிம்போ புரியின் மேட்டு ஓரமோ கூராக இருக்கலாம். விரலை மெதுவாகச் சுற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மரக்கோலையே எப்போதும் பயன்படுத்தினால் அது பக்கவாட்டில் உரசி உரசி வாயின் விளிம்பைத் தேய்க்கும், அதனால் மைதானத்துக்கு என்று தனியாக ஓர் உலோகக் கோலும் வாயில் மாட்டும் பித்தளை வளையமும் வைத்துக்கொள்வது நல்லது. மரக்கோலே போட்டால் வாயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கணும், மேல் நுனியைப் பிடித்து அழுத்தினால் கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறும். அப்படிக் குத்தின கையை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேப் மட்டும் எல்லாம் முடிந்தபின், குறிக்கு நேராக நின்றபிறகு. கெட்டிக்கும்போது முகம் குழல் வாய்க்கு மேலே வரவே கூடாது. வெடிக்காமல் நின்றால் அசையாமல் குறியையே பார்த்தபடி குறைந்தது ஒரு நிமிஷம் பிடித்திருக்க வேண்டும்.

மெட்ரோலாக்

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் 31 வருஷம் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவன். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒன்று சொல்லத் தோன்றுகிறது, தவறாக நினைக்காதீர்கள்.

தம்பி, ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இப்போது அவர் சொன்னதெல்லாம் கேட்டு, துணி, எண்ணெய், துடைப்பது, கோல், மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குறி நன்றாக விழுந்தாலும் எதனால் என்று தெரியாது, அடுத்த மாதம் மறுபடி கெட்டால் எங்கே தேடுவது?

நாங்கள் ரப்பர் ஷீட் போடும்போது பாலை மெட்ரோலாக்கில் (பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் கருவி) அளந்து, தண்ணீர் சேர்த்து, 12.5 சதவீதம் ரப்பர் இருக்கும்படி கொண்டுவந்து, அப்புறம்தான் பார்மிக் ஆசிட் கலப்போம். ஒரு வருஷம் இரண்டு வாரமாக ஷீட் கொழகொழவென்று வந்தது. மேலே இருந்தவர்கள் பாலில்தான் குறை, தொழிலாளிகள் தண்ணீர் கலக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டுக்காரர்கள் மேல் பழி. எனக்கு அது பொறுக்கவில்லை. ராத்திரி ஸ்டோரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், முதல் நாள் பால், அடுத்த நாள் தண்ணீர், அடுத்த நாள் தட்டு. ஐந்தாம் நாள்தான் ஆசிட் அளக்கும் குவளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கீழே விழுந்து உள்வாங்கியிருந்தது, ஒரு பெருவிரல் பதியும் பள்ளம். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பள்ளத்தின் அளவுக்கு ஆசிட் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த ஜனங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

ஆகவே அத்தானிடம் அந்தப் பித்தளைக் குவளையையும் ஒரு தடவை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஊற்றின மருந்தைப் பத்துத் தடவை தராசில் போட்டு எழுதிப் பாருங்கள். இன்னொன்று, இரண்டு மூன்று குண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து ஐந்தாக, ஒரே வானிலையில் இரண்டு மூன்று காகிதமாவது வேண்டும்.

சிப்புட்_தம்பி

ஐயா, கட்டாயம் அப்படியே செய்யச் சொல்கிறேன். முதல் வாரம் துடைப்பது மட்டும். இரண்டாம் வாரம் துணி. மூன்றாம் வாரம் மருந்து.

செம்பனைக்காரன்

அண்ணே, நல்லா விளக்கி எழுதியிருக்கீங்க. நமக்கு 4 ஏக்கர் செம்பனை இருக்கு, புதுக் கன்னு வெச்ச பக்கம் முழுக்கப் பன்றி தோண்டிக் குருத்தைத் தின்னுட்டுப் போகுது. தாத்தா காலத்துல தோட்டத்துல இந்த மாதிரி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வெச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க. தண்ணி பைப்புல நாமே ஒன்னு செய்ய முடியுமா? குண்டும் மருந்தும் எப்படின்னுதான் இங்க இருக்கே.

ஈயக்குண்டு

வேண்டாம் தம்பி. இந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள், மனசார சொல்கிறேன்.

நம் நாட்டில் பழைய பாணி, புதிய பாணி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1960-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது, 1971-ஆம் வருஷத்துத் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 14 வருஷம்வரை ஜெயில், குறைந்தது 6 ரோத்தான், பிரம்படி. வீட்டில் பைப்பில் செய்தது என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள், அதுவும் துப்பாக்கிதான். நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 1948 ஜூன் 16, இங்கே தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அதற்குப் பிறகு அவசரகாலம், அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று இருந்த காலம் அது. என் அப்பா முள்வேலிக்குள் வளர்ந்தவர், காட்டில் ஒரு தோட்டா கிடந்தால்கூடத் தொட மாட்டார்கள் என்பார்.

சட்டத்தை விடுங்கள், பைப் தாங்காது. தண்ணி பைப் தண்ணீருக்குச் செய்தது, அதன் நெடுக ஒட்டுப் போட்ட தையல் இருக்கும். வெடிக்கும்போது அந்தத் தையல்தான் முதலில் விடும், விடுகிற இடத்தில் உங்கள் இடது கை இருக்கும், கொஞ்சம் மேலே கண் இருக்கும். அமெரிக்காவில் விற்கிற குழல் இதற்கென்றே செய்த எஃகு, அதிலேயே அளவு தவறினால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பன்றிக்கு பெர்ஹிலித்தானில், வனவிலங்கு இலாகாவில், புகார் கொடுங்கள். கன்று வைத்த இடத்தைச் சுற்றி சோலார் மின்வேலி போடுங்கள், 4 ஏக்கருக்குச் செலவு கையைக் கடிக்கும், பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து போட்டால் தாங்கலாம். லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரர் கிராமத்தில் இருந்தால் அவரிடம் பேசுங்கள்.

செம்பனைக்காரன்

சரிண்ணே, புரிஞ்சுது. வேலி பத்தி பக்கத்து நிலத்து சீன அங்கிள்கிட்ட பேசறேன்.

சிப்புட்_தம்பி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வாரம், எல்லாம் பழையபடி, துடைப்பது மட்டும் ஒவ்வொரு குண்டுக்கும். மூன்று காகிதம், காகிதத்துக்கு ஐந்து. 4 அங்குலம், 4.5, 4. மேலே மேலே ஏறுவது நின்றுவிட்டது, கோலும் ஐந்தாவதுக்கு முதலாவது மாதிரியே இறங்கியதாம். போனில் பேசும்போது அத்தான் குரலே வேறு மாதிரி இருந்தது.

இரண்டாம் வாரம் துணி. பழைய பாக்கெட்டை இழுத்துப் பார்த்தார், அண்ணன் சொன்னதுபோலவே டிஷ்யூ மாதிரிக் கிழிந்தது. புதுத் துணி துவைத்து அளந்து 0.017. தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் கலந்ததில் தோய்த்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தி எடுத்தாராம், எல்லாத் துணியிலும் ஒரே அளவு எண்ணெய் நிற்பதற்காக. 3 அங்குலம், 2.5, 3. பொறுக்கின துணியில் ஒன்றில்கூட ஓட்டை இல்லை, அந்தக் கதிர்க் கோடு அப்படியே தெரிகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. வட்டக் கிழிசலும் வரவில்லை, வாயின் விளிம்பில் கூர் எதுவும் இல்லையாம், அதுவும் மக்கின துணியால் வந்ததுதான் போலிருக்கிறது.

குவளையைப் பார்த்தார் ஐயா. பள்ளம் இல்லை, ஆனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. பத்துத் தடவை நிறுத்ததில் அதிகமும் குறைவும் 4 கிரெய்ன் வித்தியாசம். திருகை இறுக்கி, ஐந்து தட்டு, வழித்துவிடுவது என்று செய்தபின் வித்தியாசம் 1 கிரெய்னுக்குள் வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் மருந்து. 50-ல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் போனார். 60-ல்தான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது, ஐந்தில் நான்கு குண்டு ஒன்றரை அங்குலத்துக்குள். ஐந்தாவது மட்டும் தனியாக ஒன்றேகால் அங்குலம் கீழே. மூன்று காகிதத்திலும் இப்படி ஒன்று தனியாகப் போகிறது. கையசைவு என்று அத்தான் சொல்கிறார், ஆனால் அவர் கை அப்படி அசைகிற கை இல்லை.

ஈயக்குண்டு

குண்டுகள் கடையில் வாங்கினதா, சொந்தமாக வார்த்ததா?

சிப்புட்_தம்பி

நண்பர் ஒருவர் வார்த்துக் கொடுத்தது அண்ணே.

ஈயக்குண்டு

அப்படியென்றால் தராசு. 0.490 சுத்த ஈயக் குண்டு 177 கிரெய்னுக்குப் பக்கத்தில் இருக்கணும். 50 குண்டை நிறுக்கச் சொல்லுங்கள். அச்சு சூடேறுவதற்கு முன்னால் வார்த்த குண்டுக்குள் காற்றுக்குமிழி நின்றுவிடும், வெளியே பார்த்தால் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும். குமிழி ஒரு பக்கமாக இருந்தால் குண்டு சுழலும்போது தள்ளாடும். அச்சில் ஊற்றின காம்பு வெட்டின தழும்பு இருக்கும் பாருங்கள், அதை எப்போதும் நேர் மேலே பார்த்து வைக்கட்டும், ஒரு தடவை மேலே ஒரு தடவை பக்கத்தில் என்று வைக்கக் கூடாது.

சிப்புட்_தம்பி

நிறுத்தாயிற்று. 50-ல் 41 குண்டு 176-க்கும் 177-க்கும் நடுவில். மிச்சம் 9 எடை குறைவு, அதில் மூன்று 173-தான். ஒன்பதையும் தனி டப்பாவில் போட்டுவிட்டார், நண்பர் மறுபடி உருக்கிக்கொள்வார். நல்லதை மட்டும் தழும்பு மேலே வைத்து நேற்றுச் சுட்டதில் ஐந்தும் சேர்ந்து ஒன்றரை அங்குலம், இரண்டு காகிதத்திலும். காகிதத்தை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாராம்.

மெட்ரோலாக்

எழுதி வைத்தீர்களா, எந்தத் தேதி, என்ன வானிலை?

சிப்புட்_தம்பி

எழுதிவிட்டேன் ஐயா, வெயில், காற்று இல்லை, 60 கிரெய்ன், துணி 0.017.

அண்ணே, லிந்தாங் வந்து நோட்டைக் காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பசியாறியபின் வரலாமா? அத்தான் வாங்கினது மாதிரியே கோடு போட்ட தலையணைத் துணி இங்கே பட்டணத்தில் ஜவுளிக்கடையில் கிடைத்தது. நூலை எரித்துப் பார்த்தேன், சாம்பல்தான் வந்தது. செப்டம்பருக்கு எடுத்துப் போக 2 மீட்டர் வாங்கியிருக்கிறேன், அம்மா சுடுதண்ணீரில் அலசி இப்போதுதான் கொடியில் போட்டார். காய்ந்ததும் காலிப்பரோடு எடுத்து வருகிறேன்.

ஈயக்குண்டு

வாங்க தம்பி. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.